அலுமினியக் கம்பியும் அரை சதவீத இரும்பும்

தாமிரத்தின் மின்கடத்துத்திறனை 100 என்று வைத்துக்கொண்டால், மின்கம்பிக்கான அலுமினியத்தின் கடத்துத்திறன் ஏறத்தாழ 62. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1913-இல் வகுத்த இந்த அளவுகோலைத்தான் கம்பித் தொழிற்சாலைகள் இன்றும் பின்பற்றுகின்றன. 62 என்பது குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கன சென்டிமீட்டர் தாமிரம் 8.9 கிராம் எடை இருக்கும். அதே அளவு அலுமினியம் 2.7 கிராம்தான். தாமிரக் கம்பிக்கு ஈடான மின்தடை வேண்டுமென்றால் அலுமினியக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பை 1.6 மடங்குக்குச் சற்று மேல் கூட்டினால் போதும். அப்படிக் கூட்டிய பிறகும் அதன் எடை தாமிரக் கம்பியின் எடையில் பாதிதான். விலையும் அலுமினியத்துக்கே சாதகமாக இருக்கிறது.

அதனால்தான் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு ஓடும் உயர் அழுத்தக் கம்பிகளும், தெருக் கம்பங்களில் ஓடும் கம்பிகளும் உலகெங்கும் பெரும்பாலும் அலுமினியமாக இருக்கின்றன. 1890-களின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய வழக்கம் இது. கம்பத்திலிருந்து வீட்டு மீட்டருக்கு வரும் சர்வீஸ் கேபிளும், சாலையோரம் பள்ளம் தோண்டிப் புதைக்கும் தடித்த கேபிளும்கூடப் பெரும்பாலும் அலுமினியம்தான்.

ஆனால் சுத்தமான அலுமினியம் மென்மையான உலோகம். காய்ச்சி ஆறவிட்ட நிலையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 6 முதல் 10 கிலோ எடையைத் தாங்குவதே அதற்குப் பெரும்பாடு. சூடேறினால் இன்னும் தளர்ந்துபோகும். ஸ்குரூவுக்கு அடியில் வைத்து இறுக்கினால், அந்த அழுத்தத்தில் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நெகிழ்ந்து விலகும். வலிமைக் குறைவு, சூட்டில் தளர்ச்சி, அழுத்தத்தில் நெகிழ்வு என்ற இந்த மூன்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை உலோகக்கலவை பிறக்கக் காரணமாயிற்று. எந்தக் கலவையாக இருந்தாலும், உலோகவியலாளர்கள் தீர்க்கவேண்டிய சிக்கல் ஒன்றுதான்: கடத்துத்திறனைக் கெடுக்காமல் குறையைப் போக்குவது எப்படி?

இது ஏன் சிக்கல் என்பதற்கு உலோகத்தின் உள்ளமைப்பைப் பார்க்கவேண்டும். அலுமினியத்துக்குள் அணுக்கள் வரிசை பிசகாத அடுக்குகளாக நிற்கின்றன. அந்த ஒழுங்கு இருக்கும்வரை எலெக்ட்ரான்கள் அதிகம் சிதறாமல் கடந்துசெல்லும். வேறொரு தனிமத்தின் அணு வந்து அலுமினிய அணுவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டால் அந்த இடத்தில் ஒழுங்கு குலைகிறது. எலெக்ட்ரான் அங்கே மோதித் திசைமாறுகிறது. உலோகம் வளைவதும் நீள்வதும் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதால்தான். அந்தச் சறுக்கலைத் தடுத்தால்தான் உலோகம் வலிமை பெறும்; தடுக்க வேண்டுமென்றால் உள்ளே எதையாவது நுழைத்தாக வேண்டும். வலிமைக்காக எதைச் சேர்த்தாலும் கடத்துத்திறன் குறையத்தான் செய்யும் என்ற பழைய எண்ணம் இப்படி வந்ததுதான்.

அளந்து பார்த்தபோது விஷயம் அவ்வளவு எளிதல்ல என்று தெரிந்தது. சுத்தமான அலுமினியத்தின் தன்மின்தடை 2.65 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர். அதில் வெறும் 0.1 சதவீதம் குரோமியம் கரைந்தால் இந்த எண் 0.4 கூடிவிடும். பத்தில் ஒரு சதவீதக் கலப்புக்குத் தடை 15 சதவீதம் உயர்கிறது! வனேடியம், மாங்கனீஸ், டைட்டானியம் ஆகியவையும் இதே அளவுக்குக் கெடுதல் செய்பவை. அதே 0.1 சதவீதம் தாமிரம் கரைந்தால் 0.03 மட்டுமே கூடும். துத்தநாகம் என்றால் 0.01 கூடத் தேறாது. தனிமத்துக்குத் தனிமம் இவ்வளவு வேறுபாடு.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஒரே தனிமம் அலுமினியத்தில் கரைந்து நிற்கும்போது ஒரு விதமாகவும், கரையாமல் தனித் துணுக்காகப் பிரிந்து நிற்கும்போது வேறு விதமாகவும் நடந்துகொள்கிறது. இரும்பை எடுத்துக்கொள்ளலாம். கரைந்து நிற்கும் இரும்பு ஒரு சதவீதத்துக்கு 2.56 என்ற கணக்கில் தடையைக் கூட்டும். அலுமினியத்தோடு சேர்ந்து தனிச் சேர்மமாகப் பிரிந்துவிட்ட இரும்போ ஒரு சதவீதத்துக்கு 0.06 அளவுக்குத்தான் கூட்டும். நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். தெரு முழுக்க இறைந்து கிடக்கும் ஜல்லி எல்லா வண்டியையும் தடுமாற வைக்கும்; அதே ஜல்லியை ஓரமாகக் குவித்துவிட்டால் போக்குவரத்துக்குத் தொல்லை குறைவு. மின்கம்பிக்கான அலுமினியக் கலவைகளை உருவாக்கும் கலையின் மையம் இதுதான். எதைச் சேர்க்கிறோம் என்பதோடு, சேர்த்தது கம்பிக்குள் எந்த நிலையில் நிற்கிறது என்பதையும் கட்டுப்படுத்த வேண்டும்.

கலவை செய்வதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டும். மின்கம்பிக்கென்றே உள்ள அடிப்படை ரகத்துக்கு 1350 என்று பெயர். அதில் அலுமினியம் குறைந்தது 99.5 சதவீதம் இருந்தாக வேண்டும். அந்த ரகத்தின் வரையறையைப் படித்தாலே மேலே சொன்ன கணக்கு விளங்கிவிடும். இரும்பு 0.40 சதவீதம்வரை இருக்கலாம், குரோமியம் 0.01-க்கு மேல் கூடாது. வனேடியமும் டைட்டானியமும் சேர்ந்தே 0.02-ஐத் தாண்டக் கூடாது. வனேடியம் எங்கிருந்து வருகிறது? அலுமினியத்தை மின்பகுப்பு முறையில் பிரிக்கும் தொட்டிகளில் கார்பன் மின்வாய்கள் எரிந்து தேய்ந்துகொண்டே இருக்கும். அவற்றைச் செய்யும் பெட்ரோலியக் கோக்கில் இருக்கும் வனேடியம் உலோகத்தில் இறங்கிவிடுகிறது. 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் தனித்தனியே கண்டுபிடித்த இந்த முறைதான் எல்லா ஆலைகளிலும் நடக்கிறது. ஏற்காடு, கொல்லிமலைப் பாக்சைட்டைக்கொண்டு மேட்டூரில் 1965-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஓடிய மால்கோ ஆலையிலும் இதே மின்பகுப்புதான் நடந்தது.

வனேடியம் போன்றவை செய்யும் கெடுதலுக்கு மருந்து போரான். உருகிய அலுமினியத்தில் சிறிதளவு போரான் கலந்தால் அது வனேடியம், டைட்டானியம், குரோமியம் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு போரைடுகளாக மாறுகிறது. போரைடுகள் கனமானவை, உலையின் அடியில் படிந்துவிடும். கொஞ்சம் மிஞ்சினாலும் பாதகமில்லை. அவை கரைந்து நிற்கவில்லை, துணுக்காக நிற்கின்றன. வெளியிலிருந்து ஒன்றைச் சேர்த்துக் கடத்துத்திறனை உயர்த்துவது முரணாகத் தோன்றினாலும் ஆலைகளில் அன்றாடம் நடக்கும் வேலை அது.

சுத்தம் செய்த உலோகத்தைச் சுழலும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள பள்ளத்தில் ஊற்றி உறையவைத்து, சூடு ஆறுவதற்குள் உருளைகளுக்கிடையே செலுத்தி, 9.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டாக இழுத்துச் சுருட்டுகிறார்கள். இத்தாலியரான இலாரியோ ப்ரோபெர்சி வகுத்த தொடர்வார்ப்பு முறை இது. பிறகு அந்தத் தண்டை ஒன்றைவிட ஒன்று சிறிய துளையுள்ள டைகளின் வழியே குளிர்ந்த நிலையில் இழுக்க, அது கம்பியாகிறது. குளிர்ந்த நிலையில் இழுப்பதாலேயே உலோகம் இறுகிச் சதுர மில்லிமீட்டருக்கு 16 முதல் 20 கிலோ தாங்கும் நிலைக்கு வந்துவிடும். கடத்துத்திறன் 61-க்குக் கீழே போகாது. முழுக்க முழுக்க இந்தக் கம்பியை முறுக்கிச் செய்வது ஏஏசி எனப்படும் கண்டக்டர். கம்பங்கள் நெருக்கமாக உள்ள ஊர்ப்புறத்துக்கு அது போதும். முந்நூறு, நானூறு மீட்டர் இடைவெளியில் நிற்கும் கோபுரங்களுக்குப் போதாது.

இதற்கு முதலில் கிடைத்த தீர்வில் உலோகக்கலவைக்கு வேலையே இல்லை. அல்கோவா நிறுவனத்தின் வில்லியம் ஹூப்ஸ் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், நடுவில் எஃகுக் கம்பியையும் அதைச் சுற்றி அலுமினியக் கம்பிகளையும் முறுக்கினார். பாரத்தை எஃகு சுமந்தது. மின்சாரத்தை அலுமினியம் சுமந்தது. ஏசிஎஸ்ஆர் என்ற இந்த வகைதான் இன்றும் உலகின் முதன்மையான உயர் அழுத்தக் கம்பி. பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றி இந்தியாவில் இதன் அளவுகளை விலங்குப் பெயர்களால் குறிப்பார்கள்: வீசல், ரேபிட், டாக், பேந்தர், ஸீப்ரா, மூஸ். கிராமத்துக் கம்பத்தில் ஓடும் ரேபிட் கண்டக்டரில் ஓர் எஃகுக் கம்பியைச் சுற்றி ஆறு அலுமினியக் கம்பிகள் இருக்கும். 400 கிலோவோல்ட் கோபுரங்களின் மூஸ் கண்டக்டரில் 7 எஃகுக் கம்பிகளும் 54 அலுமினியக் கம்பிகளும், ஒவ்வொன்றும் 3.53 மில்லிமீட்டர் விட்டம்.

எஃகு கனமானது என்பது ஒரு குறை. கடற்கரையோரத்தில் இன்னொரு குறையும் சேரும். உப்புக் காற்றின் ஈரம் உள்ளே புகுந்து, எஃகின்மேல் பூசிய துத்தநாகத்தை அரித்துவிட்டால், பிறகு எஃகும் அலுமினியமும் ஒரு மின்கலம்போல நடந்துகொள்ளத் தொடங்கும். அலுமினியம் உள்ளிருந்தே அரிபடும். வெளியே கம்பி நன்றாகத்தான் தெரியும், உள்ளே பொடிந்துகொண்டிருக்கும். எஃகே வேண்டாத வலுவான அலுமினியக் கம்பி வேண்டும் என்ற தேவை இப்படி எழுந்தது. 1920-களில் சுவிட்சர்லாந்தில் ஆல்ட்ரே என்ற பெயரிலும் பிரான்சில் ஆல்மெலெக் என்ற பெயரிலும் வந்த கலவைகள் அந்தத் தேவையை நிறைவேற்றின. அவற்றின் வழிவந்த 6201 என்ற கலவையில் ஏறத்தாழ முக்கால் சதவீதம் மக்னீசியமும் அதே அளவு சிலிக்கானும் இருக்கும்.

அந்தக் கம்பி உருவாகும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதலில் உலோகத்தை 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் மக்னீசியமும் சிலிக்கானும் அலுமினியத்தில் முழுவதுமாகக் கரைந்துவிடும். உடனே தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள். மெல்ல ஆறினால் இரண்டும் பிரிந்து பெரிய துணுக்குகளாகத் திரண்டிருக்கும்; திடீரென்று குளிர்ந்ததால் அதற்கு நேரமில்லாமல் கரைந்த நிலையிலேயே மாட்டிக்கொள்கின்றன. இப்போது கடத்துத்திறன் மிக மோசமாக இருக்கும். இந்த நிலையிலேயே டைகளில் இழுத்துக் கம்பியாக்குகிறார்கள். கடைசியாகக் கம்பிச் சுருள்களை 150 முதல் 170 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைக்கிறார்கள். சமையல் அடுப்பில் எண்ணெய் காயும் சூடுதான் இது. இந்தச் சூட்டில் மக்னீசிய, சிலிக்கான் அணுக்கள் மெல்ல நகர்ந்து ஒன்றுசேர்ந்து, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாத அளவுக்கு நுண்ணிய ஊசிகளாகப் பிரிகின்றன. அணு அடுக்குகளின் சறுக்கலை ஊசிகள் தடுப்பதால் வலிமை நிலைக்கிறது. கரைந்து நின்ற அணுக்கள் விலகியதால் எலெக்ட்ரான்களுக்கு வழி கிடைக்கிறது. வலிமையும் கடத்துத்திறனும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற பழைய எண்ணம் இந்த அடுப்புக்குள் உடைந்துபோகிறது. சில மணி நேரத்துக்கு இரண்டும் சேர்ந்தே வளர்கின்றன.

அடுப்பில் அதிக நேரம் வைத்தால் ஊசிகள் பருத்து எண்ணிக்கையில் குறையும். கடத்துத்திறன் கூடும், வலிமை இறங்கும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஒவ்வொரு ஆலையின் கைத்திறமும் இருக்கிறது. முடிவில் கிடைக்கும் கம்பி சதுர மில்லிமீட்டருக்கு 31 கிலோவுக்கு மேல் தாங்கும், கடத்துத்திறன் 52.5. ஏஏஏசி என்று அழைக்கப்படும் கண்டக்டர் இந்தக் கம்பியால் ஆனது. 61-லிருந்து 52.5-க்கு இறங்கியது சிறிய இழப்பல்ல. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் அந்த எட்டு, ஒன்பது புள்ளிகள் ஆண்டு முழுதும் வெப்பமாக வீணாகும் மின்சாரம். அதைச் சரிக்கட்ட மக்னீசியத்தையும் சிலிக்கானையும் குறைத்து, சூட்டுப் பதத்தை மாற்றி, வலிமையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கடத்துத்திறனை 59-க்கு ஏற்றிய கலவையும் வந்தது. இந்திய மின்பாதைகளில் ஏஎல்-59 என்ற பெயரில் இப்போது பரவலாக இழுக்கப்படுவது அதுதான். பெயரிலேயே கடத்துத்திறனைச் சுமந்திருக்கிறது.

அடுத்தது சூடு. கம்பியில் அதிக மின்சாரம் ஓடினால் அது சூடாகி நீளும், நீண்டால் தொய்யும், தொய்ந்தால் கீழேயுள்ள மரத்துக்கும் வண்டிக்கும் நெருங்கிவிடும். இது ஒரு வரம்பு. இன்னொரு வரம்பு உலோகத்துக்குள் இருக்கிறது. குளிர்ந்த நிலையில் இழுத்துப் பெற்ற வலிமை, 90 டிகிரியைத் தாண்டிய சூட்டில் நீண்ட காலம் இருந்தால் கரைந்துபோகும். இழுத்தபோது நசுங்கி நீண்ட படிகங்கள் மறுபடி புதிதாக வளர்ந்து, கம்பி பழைய மென்மைக்குத் திரும்பும். அதனால் சாதாரணக் கம்பிகளைப் பொதுவாக 75 முதல் 90 டிகிரிக்குள் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். நகரங்கள் வளர்ந்து மின்தேவை இரட்டிப்பானால் அதே பாதையில் கூடுதல் மின்சாரம் அனுப்ப வழியில்லை. புதிய கோபுரம் போடலாமென்றால் நிலம் கிடைப்பதில்லை.

நிலம் அரிதான ஜப்பானில் 1960-களில் இதற்கு விடை கண்டார்கள். சேர்த்தது சிர்கோனியம், ஒரு சதவீதத்தில் சில பத்தில் ஒரு பங்கு மட்டுமே. சிர்கோனியம் அணு அலுமினியத்துக்குள் மிக மிக மந்தமாக நகரக்கூடியது. 400 டிகிரியையொட்டிய சூட்டில் நெடுநேரம் வைத்தால் அது மூன்று அலுமினிய அணுவுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்ந்து, மீட்டரில் நூறு கோடியில் சில பங்கே அளவுள்ள உருண்டைகளாகப் பிரியும். பிரிந்த பிறகு 150, 200 டிகிரி சூடு அவற்றை அசைக்காது. படிகங்கள் புதிதாக வளர முயன்றால் உருண்டைகள் எல்லைகளைப் பிடித்து நிறுத்திவிடும். மக்னீசிய ஊசிகள் இந்தச் சூட்டில் பருத்துப் பயனற்றுப் போகும். சிர்கோனியம் நகர மறுப்பதே அதன் பலம். இந்தக் கம்பிகள் 60 கடத்துத்திறனோடு தொடர்ந்து 150 டிகிரியிலும், அதன் மேம்பட்ட ரகம் 210 டிகிரியிலும் ஓடும். தொய்வைக் கட்டுப்படுத்த, சூட்டில் மிகக் குறைவாகவே நீளும் இன்வார் என்ற இரும்பு நிக்கல் கலவையை நடுவில் வைக்கிறார்கள். பழைய கம்பியை இறக்கிவிட்டு இதை ஏற்றினால், அதே கோபுரங்களின்மேல் ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்சாரம் போகும்.

கம்பத்துக்கும் கோபுரத்துக்கும் இவ்வளவு போதும். வீட்டுக்குள் அலுமினியம் நுழைந்தபோது நடந்தது வேறு கதை. அதற்கு விலை மனித உயிர்.

1960-களின் நடுவில் தாமிர விலை ஏறியதால் அமெரிக்காவில் வீட்டு வயரிங்குக்கு அலுமினியத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1965-க்கும் 1973-க்கும் இடையில் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகளில் அலுமினிய வயர் போடப்பட்டது. கோபுரக் கம்பிக்கு நன்றாக உழைத்த அதே ரகத்தை, அதே இறுகிய பதத்தில், சுவருக்குள் கொண்டுவந்தார்கள். ப்ளக் பாயின்ட்களும் சுவிட்சுகளும் தாமிர வயருக்கென்று செய்யப்பட்டவையாகவே இருந்தன. சில ஆண்டுகளில் பாயின்ட்கள் சூடாவதும், பிளாஸ்டிக் கருகும் வாடையும், விளக்கு மினுக்குவதும் புகார்களாக வரத் தொடங்கின. 1974 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஹாம்ப்டன் பேஸ் என்ற ஊரில் ஒரு வீடு எரிந்து இருவர் இறந்தார்கள். ஒரு ப்ளக் பாயின்ட்டில் அலுமினிய வயர் சேரும் இடமே தீயின் தொடக்கம் என்று தீயணைப்புத் துறையினர் கண்டறிந்தார்கள். நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பின்னர் நடத்திய ஆய்வில், 1972-க்கு முந்தைய அலுமினிய வயர் உள்ள வீடுகளில் ஏதாவது ஓர் இணைப்பாவது தீப்பிடிக்கும் நிலைக்குப் போகும் வாய்ப்பு தாமிர வயர் வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்று தெரியவந்தது.

ஒரு ஸ்குரூவுக்கு அடியில் என்ன நடந்தது? அலுமினியத்தின் மேற்பரப்பு காற்றுப் பட்டதும் ஆக்சைடாக மாறிவிடும். அந்தத் தோல் மிக மெல்லியது, மிகக் கடினமானது, மின்சாரத்தைக் கடத்தாதது. ஸ்குரூவை இறுக்கும்போது தோல் அங்கங்கே கிழிந்து, கிழிந்த இடங்களில் மட்டும் உலோகமும் உலோகமும் தொடும். இஸ்திரிப்பெட்டியோ ஹீட்டரோ ஓடும்போது அந்த இடம் சூடாகிறது. எஃகு ஸ்குரூ நீள்வதைப்போல அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளும். நீள இடமில்லாமல் ஸ்குரூவின் தலைக்கு அடியில் நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்குகிறது. ஹீட்டரை அணைத்ததும் சுருங்குகிறது. ஆனால் பிதுங்கியது திரும்ப உள்ளே வராது. இறுக்கம் ஒரு நூல் தளர்கிறது. தளர்ந்த இடைவெளியில் காற்றுப் புகுந்து புதிய ஆக்சைடு உண்டாகிறது, தொடும் பரப்பு குறைகிறது, தடை கூடுகிறது, அடுத்த முறை சூடு இன்னும் அதிகமாகிறது. சூடு எதுவும் இல்லாமலே, வெறும் அழுத்தத்தில் மெல்ல நெகிழும் குணமும் இதோடு சேர்ந்துகொள்ளும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடுவது; தாமிரத்துக்கு 1,085 டிகிரி வேண்டும். உருகுநிலை தாழ்ந்த உலோகத்துக்கு அறையின் சூடே நெகிழப் போதுமானது.

இந்தச் சீர்கேட்டில் கொடுமையான அம்சம், சர்க்கியூட் பிரேக்கர் இதைப் பார்ப்பதில்லை என்பது. வயரில் ஓடும் மின்சாரம் வழக்கமான அளவுதான்; ஷார்ட் எதுவும் இல்லை. இணைப்பு மட்டும் சிவக்கச் சிவக்கக் காய்ந்துகொண்டிருக்கும். பிரேக்கர் அமைதியாக இருக்கும். இறுகிய பதத்தில் இருந்த அந்த வயர் இன்னொரு விதத்திலும் பழிவாங்கியது. வயரின் மேலுறையை உரிக்கும்போது கத்தி பட்டுச் சிறு கீறல் விழுந்தாலும், வளைத்து மாட்டும்போது அந்த இடத்தில் விரிசல் விடும். இழுத்தால் ஒன்றிரண்டு சதவீதம்கூட நீளாமல் அறுந்துபோகும் கம்பி அது.

வயரைக் காய்ச்சி மென்மையாக்கினால் விரிசல் போகும். ஆனால் நெகிழ்வு இன்னும் மோசமாகும். வளையவும் வேண்டும், ஸ்குரூவுக்கு அடியில் நகராமல் நிற்கவும் வேண்டும், கடத்துத்திறனும் குறையக் கூடாது. இந்த மூன்றையும் ஒருசேரத் தந்தது இரும்பு. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க, கனடியக் கம்பி நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கொண்டுவந்த 8000 வரிசைக் கலவைகளில் அரை சதவீதத்தையொட்டி இரும்பு இருக்கும். சவுத்வயர் நிறுவனத்தின் கலவை 8176. ஆல்கனின் ஸ்டேபிலாய் 8030. 8030-இல் இரும்போடு சிறிது தாமிரமும் உண்டு.

இரும்பைப் பொதுவாக அலுமினியத் தொழிலில் அழுக்காகத்தான் நினைப்பார்கள். வார்ப்புகளை அது நொறுங்க வைக்கும். ஆனால் மின்கம்பிக்கு அதன் ஒரு குணம் பெரும் வரமாக அமைந்தது. உருகும் நிலையை நெருங்கிய சூட்டில்கூட அலுமினியத்தில் இரும்பு 0.05 சதவீதம்தான் கரையும். அறைச் சூட்டில் அநேகமாகக் கரைவதே இல்லை. ஆகவே சேர்த்த இரும்பில் பெரும்பகுதி வேறு வழியின்றி அலுமினியத்தோடு சேர்மமாகித் துணுக்குகளாகப் பிரிந்துவிடுகிறது. உருட்டும்போதும் இழுக்கும்போதும் துணுக்குகள் உடைந்து கம்பி முழுதும் பரவுகின்றன. பிறகு காய்ச்சி மென்மையாக்கினாலும், படிகங்களின் எல்லைகள் துணுக்குகளில் சிக்கி நகரமுடியாமல் நிற்கின்றன. விளைவு, 10 சதவீதத்துக்கு மேல் நீளக்கூடிய, பலமுறை வளைத்தாலும் விரிசல் விடாத, அழுத்தத்தில் மிகக் குறைவாகவே நெகிழும் கம்பி. சதுர மில்லிமீட்டருக்கு 10 முதல் 15 கிலோ தாங்கும். கடத்துத்திறன் 61-ஐ ஒட்டியே நிற்கும். 1980-களில் அமெரிக்க மின் விதித்தொகுப்பு கட்டட வயரிங்குக்கான அலுமினியம் இந்த வரிசையாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

கலவை மட்டும் பிரச்சினையைத் தீர்த்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆக்சைடுத் தோல் 8000 வரிசைக்கும் உண்டு. சூட்டில் நீளும் அளவும் பழைய அலுமினியத்தைப் போலத்தான். ஆகவே இணைப்புகளையும் மாற்றினார்கள். அலுமினியத்துக்கும் தாமிரத்துக்கும் பொருந்தும் அகன்ற ஸ்குரூ கொண்ட புதிய சுவிட்சுகளும் பாயின்ட்களும் 1970-களின் தொடக்கத்திலேயே வந்தன. தடித்த கேபிள்களில் லக்கை கிரிம்பிங் கருவியால் நசுக்கி இணைப்பதும், நசுக்குமுன் கம்பியை பிரஷ்ஷால் தேய்த்து, காற்றுப் புகாதபடி பசையைத் தடவுவதும் கட்டாயமாயின. தாமிரத்தோடு சேரும் இடத்தில் ஒரு முனை அலுமினியமும் மறு முனை தாமிரமுமான பைமெட்டாலிக் லக் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் பட்டதும் அலுமினியம் அரிபடத் தொடங்கும். தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் சுவருக்குள் இன்னும் அலுமினிய வயர் இருப்பது உண்டு. அங்கே புதிய தாமிர வயரை அலுமினியத்தோடு கையால் முறுக்கி டேப் சுற்றிவிடும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. மழைக்காலத்தில் அந்த முறுக்கு அரிபட்டு லூஸ் காண்டாக்ட் ஆகும்.

வீடுகளில் கற்ற பாடம் இப்போது வாகனங்களுக்குப் போயிருக்கிறது. ஒரு காருக்குள் ஓடும் வயர்களின் மொத்த எடை பல பத்து கிலோ. அதை அலுமினியத்தால் குறைத்தால் எரிபொருளோ பேட்டரியோ மிச்சம். ஆனால் காரில் இடைவிடாத அதிர்வு உண்டு, கம்பிகளோ மிக மெல்லியவை. இரும்போடு கொஞ்சம் மக்னீசியம், சிலிக்கான் சேர்த்த கலவைகளையும், வயரும் டெர்மினலும் சேரும் முனையைத் தண்ணீர் புகாமல் மூடும் முறைகளையும் ஜப்பானிய நிறுவனங்கள் உருவாக்கிப் பயன்படுத்தி வருகின்றன. ஆய்வுக்கூடங்களில் இன்னொரு முயற்சியும் நடக்கிறது. உலோகத்தைக் கடுமையாக நசுக்கியும் முறுக்கியும் படிகங்களை மிகமிகச் சிறிதாக்கினால் வலிமை கூடுகிறது. படிக எல்லைகள் எலெக்ட்ரான்களைத் தடுப்பது, கரைந்த அணுக்கள் தடுப்பதைவிடக் குறைவு. ஆகவே கலப்பைக் குறைத்துப் படிகத்தைச் சிறிதாக்குவது லாபம். ஆய்வுக்கூடத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் செய்ததைக் கிலோமீட்டர்க் கணக்கில் செய்வதுதான் இன்னும் கைகூடாத வேலை.

பழைய உலோகத்தை மறுபடி உருக்கிக் கம்பி செய்வதிலும் இதே கணக்குகள்தான் குறுக்கே நிற்கின்றன. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுக்கச் செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் போதும், பழையதை உருக்கி எடுக்க. ஆனால் சன்னல் சட்டம், பாத்திரம், எஞ்சின் வார்ப்பு எல்லாம் கலந்த பழைய இரும்புக்கடைச் சரக்கில் குரோமியமும் மாங்கனீஸும் தாராளமாக இருக்கும். குரோமியத்தைப் போரானால் ஓரளவு பிடிக்கலாம். மாங்கனீஸைப் பிடிக்க முடியாது. அதனால் மின்பாதைகளிலிருந்து இறக்கும் பழைய கண்டக்டர்களை, எஃகை மட்டும் பிரித்துவிட்டு, வேறெதோடும் கலக்காமல் தனியே சேர்த்து உருக்கினால்தான் அந்த அலுமினியம் மீண்டும் மின்கம்பியாக முடியும்.